அலுமாரிக்குப் பின்னால் நின்ற மாடு

நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் முரசுமோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது. முல்லைத்தீவுக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸால் இறங்கி, வயல்களுக்கு நடுவால் போகும் கிரவல் ரோட்டில் நடக்கவேண்டும். ஆரம்பப் பிரிவு மட்டும்தான். என்னுடையது நாலாம் வகுப்பு.

என் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று சொல்லமுடியாது. எழுதுவார்கள். ‘மழைநாள்’ என்று கட்டுரை கொடுத்தால் எல்லாக் கொப்பியிலும் மழை வரும், எல்லாரும் குடை பிடிப்பார்கள், எல்லாரும் மகிழ்ச்சி அடைவார்கள். வகுப்பில் குடை வைத்திருந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. போன வருசம் எழுதியவர்களும் குடைதான் பிடித்தார்கள். நான் சிவப்புப் பேனையால் சரி போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரத்தில் கிளிநொச்சியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். படிப்பித்தவர் இளம் பெடியன். ஆரம்ப வகுப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினால் பிள்ளைகள் ரீச்சருக்காக மட்டும் எழுதாமல், வாசிக்கிற ஆக்களுக்காக எழுதுவார்கள் என்று சொன்னார். எனக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் அங்கேயே இருந்து ஒன்றைத் திறந்துகொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. இணையத்துக்கு என் போன். வகுப்பறைக்குள் சிக்னல் இல்லாததால் வாசற் படலையடி வேம்புக்குக் கீழே ஒரு கதிரையை வைத்து, அதன்மேல் கணினியை வைத்து, பிள்ளைகள் முறைக்கு முறை முழங்காலில் இருந்து தட்டினார்கள். பேர் போடக்கூடாது, முகம் தெரியும் படம் போடக்கூடாது என்பது என்னுடைய சட்டம். அதனால் ஆளுக்கொரு பறவையின் பேரை வைத்துக்கொண்டார்கள். கொக்கு, மீன்கொத்தி, மைனா. பின்வாங்கில் இருந்த, அதிகம் வாய் திறவாத பிள்ளை செண்பகக் குருவியின் பேரை வைத்துக்கொண்டாள். வாசிப்பவர்கள் எழுதும் பின்னூட்டங்கள் முதலில் என் போனுக்கு வரும். நான் அனுமதித்தால்தான் பக்கத்தில் தெரியும்.

முதல் பின்னூட்டம் கொக்குவின் மாமாவிடமிருந்து வந்தது. அவர் கட்டாரில் வேலை செய்கிறவர். கொக்கு வாய்க்காலில் தண்ணி வந்ததைப் பற்றி எழுதியிருந்தான். “எங்கட வயலுக்கும் தண்ணி வந்திட்டுதோ? இந்தமுறை என்ன நெல் விதைச்சவை, ஆட்டக்காரியோ?” என்று மாமா கேட்டிருந்தார். கொக்குவுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டு, கையில் எழுதிக்கொண்டு வந்து, காலைக் கூட்டம் தொடங்க முதலே கணினியைத் தாங்கோ என்று நின்றான். அதற்குப் பிறகு குடைகள் மெல்லமெல்லக் குறைந்தன. ஆடு குட்டி போட்டது, அம்மா சண்டை பிடித்தது, குளத்துக் கட்டில் பாம்பு கழற்றிய செட்டை கிடந்தது எல்லாம் வரத் தொடங்கின. நான் சந்தோசமாக இருந்தேன்.

மாரி தொடங்கமுதல் வகுப்பறையில் கறையான் பிடித்தது. இரும்பு அலுமாரிக்குக் கீழே புற்று வந்திருந்ததால் அதை நகர்த்தவேண்டி வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியரும் நானும் ஒரு பக்கம் பிடிக்க, பிள்ளைகள் மற்றப் பக்கத்தைத் தள்ளினார்கள். அலுமாரி விலகியதும் பிள்ளைகள் சுவரடிக்கு நெருங்கி வந்தார்கள்.

மீளக் குடியேறிய பிறகு அந்தக் கட்டடத்துக்குப் பெயின்ற் அடித்தவர்கள், அலுமாரியை அசைக்காமலே சுற்றிவர அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பின்னால், அலுமாரியின் அளவுக்கு, பழைய சுவர் அப்படியே இருந்தது. புகை பிடித்த நிறம். அதில் அடுப்புக்கரியால் கீறிய படம். பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் ஒரு பெரிய மாடு. அதற்கு ஐந்து கால்கள். பக்கத்தில் அ, ஆ, இ, ஈ என்று தொடங்கி, உ பாதியில் நின்றுபோன எழுத்துகள்.

“ரீச்சர், இது ஆர் கீறினது?”

அது எந்தக் காலம் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. சண்டையின் கடைசியில் சனம் எல்லாம் கிழக்குப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த மாதங்களில், அப்போது ஒரே மண்டபமாக இருந்த இந்தக் கட்டடத்துக்குள் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். கொஞ்ச நாள் இருந்து, செல் குண்டு விழத் தொடங்க எழும்பிப் போனார்கள். நான் அப்போது இங்கே இல்லை.

“முந்தி இஞ்ச இருந்த பிள்ளையள்,” என்றேன்.

“இப்ப எங்க அவை?”

“வளந்திருப்பினம்.”

அந்தச் சொல் எவ்வளவு லேசாக என் வாயில் இருந்து வந்தது என்று பிறகு பலதரம் நினைத்திருக்கிறேன்.

அடுத்தநாள் செண்பகம் தானாக எழுந்து வந்து, எழுதப் போகிறேன் என்றாள். அவள் எழுதியதை ஒரு எழுத்தும் திருத்தாமல், சுவரைப் போனில் எடுத்த படத்தோடு போட்டேன்:

“எங்கட வகுப்பில ஒரு மாடு நிக்குது. அதுக்கு அஞ்சு கால். அது அலுமாரிக்குப் பின்னால கனகாலம் இருட்டில நிண்டது. ஆர் புல்லுப் போட்டது எண்டு தெரியாது. கீறின பிள்ளை திரும்பி வந்தால் நாங்கள் தள்ளி இருந்து இடம் விடுவம்.”

சில நாள் கழித்து, காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் ஒரு பின்னூட்டம் வந்து கிடந்தது. பேர் இல்லை. ‘ஒரு அம்மா’ என்று மட்டும் இருந்தது.

“வணக்கம் பிள்ளையள். அந்த மாட்டுக்கு நாலு கால்தான். அஞ்சாவது கால் கண்டுக்குட்டியின்ர. கண்டு தாய்க்குப் பின்னால மறைஞ்சு நிக்குது எண்டு என்ர மகள் சொன்னவ. அது நாங்கள் வீட்டில அவிட்டு விட்டிட்டு வந்த மாடு.”

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.

இடைவேளைக்கு முதல் அதை வாசித்துக் காட்டினேன். “கண்டுக்குட்டி! கண்டுக்குட்டி!” என்று சுவரடிக்கு ஓடினார்கள். கண்டு எங்கே நிற்கும், தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று விரலால் காட்டினார்கள். பிறகு எல்லாரும் கேள்வி எழுதினார்கள். மாட்டின் பேர் என்ன, எவ்வளவு பால் கறந்தது, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீங்கள். செண்பகத்தின் கேள்வி, “உங்கட மகள் இப்ப எத்தினையாம் வகுப்பு?”

மற்றக் கேள்விகளைப் போட்டேன். அதை மட்டும் நிறுத்தி வைத்தேன். செண்பகம் ஒவ்வொரு காலையும் என் மேசையடியில் வந்து நின்று, “அந்த அம்மா பதில் போட்டவாவோ?” என்று கேட்பாள்.

“உம்மட கேள்விய நான் இன்னும் விடேல்ல,” என்று கடைசியில் சொன்னேன்.

“ஏன் ரீச்சர்?”

அன்று இடைவேளையில் வேம்படிக்குப் போய், அனுமதிக்கும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவதுபோல அழுத்தினேன். மதியம் பள்ளிக்கூடம் விட முதலே பதில் வந்துவிட்டது. மற்றக் கேள்விகளுக்குப் பதில் போடாதவ இதற்கு உடனே எழுதியிருந்தா.

“நான் வெளிநாட்டில இல்லை பிள்ளையள். மல்லாவியில இருக்கிறன். மாட்டின்ர பேர் சிவப்பி. மகள் அப்ப மூண்டாம் வகுப்பு. அதுக்குப் பிறகு எத்தினையாம் வகுப்பு எண்டு எனக்குத் தெரியாது.”

அதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு செண்பகம் சொன்னாள்: “அப்ப அவ எங்களவிடச் சின்னவா.”

அதை ஒரு பிள்ளையும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அவர்களுக்கு அவள் மூன்றாம் வகுப்புத் தங்கச்சி. சுவரோடு இருந்த வாங்கில் ஒரு ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டு இருக்கத் தொடங்கினார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் எனக்கு வணக்கம் சொன்ன பிறகு, திரும்பி, சுவருக்கும் மெல்லமாகச் சொல்வார்கள். ஒருநாள் அந்த மூலையில் எறும்பு சாரை விட்டிருந்தது. போய்ப் பார்த்தால் சத்துணவுச் சோற்றில் ஒரு பிடியும் அவித்த முட்டையில் பாதியும் கடதாசியில் வைத்திருந்தது. யார் வைத்தது என்று கேட்டேன். எல்லாரும் கொப்பியைப் பார்த்தார்கள்.

பிள்ளைகளுக்குப் பயம் இருக்கவில்லை. எனக்குத்தான் இருந்தது. கரும்பலகையில் எழுதும்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளைகள் இவ்வளவு பேர்தானா என்று தோன்றும். திரும்பிப் பார்ப்பேன். இவ்வளவு பேர்தான். பின்நேரம் வகுப்பைப் பூட்டும்போது யாரோ உள்ளே மிச்சம் என்ற எண்ணம் வந்து, பூட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அப்படி இருக்கும்போதுதான் இன்னொரு பின்னூட்டம் வந்தது. கொக்கிளாயில் இருந்து ஒரு மீன்பிடிக்கிற ஐயா. அவர் சொல்லச்சொல்ல இளைய மகள் தட்டியது என்று மேலே எழுதியிருந்தது.

“இயேசுவுக்குப் புகழ். பிள்ளையளே, அது மாடு இல்லை. அது வள்ளம். வாடைக் காத்துக்குக் கரையில ஏத்தி, கீழ தடி குடுத்து நிப்பாட்டியிருக்குது. கால் எண்டு நீங்கள் சொல்லுறது தடி. கொம்பு எண்டு சொல்லுறது வள்ளத்தின்ர முன்பக்கம், அணியம். என்ர மகன் கீறினவன். நான் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருந்தனான்.”

எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நான் சுவருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மாடு தெரிந்தது. கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் வள்ளம் தெரிந்தது. பிறகு மாட்டைத் தேடினால் உடனே வரவில்லை. ஒரு படம். இரண்டு பேர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. இதை விட்டால் மல்லாவி அம்மா வாசிப்பா. விடாவிட்டால் அந்த ஐயா கொக்கிளாயில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மல்லாவி அம்மா முன்பே தன் தொலைபேசி இலக்கத்தை, இதைப் பக்கத்தில் போடவேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தா. நான் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். நாங்கள் குரலில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

“அம்மா, படத்தைப் பற்றி இன்னொரு ஐயா எழுதியிருக்கிறார். அது தன்ர மகன் கீறினது எண்டு சொல்லுறார். வள்ளமாம்.”

அந்தப் பக்கத்தில் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“அவற்ர மகன் இருக்கிறாரோ?”

“அப்பிடி ஒண்டும் எழுதேல்ல அம்மா. ‘கீறினவன்’ எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறார்.”

மெசின் ஒரு தையல் ஓடி மறுபடி நின்றது.

“போடுங்கோ ரீச்சர். அந்த மனிசனும் பாத்துக்கொண்டுதானே இருக்கும்.”

பிள்ளைகள் மத்தியில் பெரிய சண்டை வந்தது. கொக்குவின் பக்கம் வள்ளம். மைனாவின் பக்கம் மாடு. கத்திக்கத்தி முகம் சிவந்துபோனார்கள். செண்பகம் எல்லாம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டு வேம்படிக்குப் போய் எழுதினாள்:

“ரெண்டு பேரும்தான் கீறினவை. அண்ணா முதல் வள்ளம் கீறினவர். பிறகு அவரச் சாப்பிடக் கூப்பிட்டுட்டினம். அவர் போக, தங்கச்சி வந்து அதை மாடாக்கிப்போட்டா. என்ர தம்பியும் இப்பிடித்தான் நான் கீறினத மாத்துறவன். அவர் சாப்பிட்டுட்டு வந்து தங்கச்சியக் கோவிச்சுப் பேசியிருப்பார். பிறகு கோபம் போயிருக்கும்.”

அதற்குக் கீழே அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைக்கத் தொடங்கினார்கள். நான் ஒவ்வொரு வரியாக அனுமதித்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, நீங்கள் அந்த மண்டபத்தில எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?”

“யன்னலடி. நீங்கள்?”

“கதவடி. மழை தூவானம் அடிக்கிற பக்கம்.”

“கதவடியில இருந்த ஒரு பொம்பிளை எங்களுக்குக் கருவாடு தந்தவ. சிவப்புச் சட்டை.”

“அது என்ர மனிசி. மகன்ர அம்மா.”

“சுகமா இருக்கிறாவோ?”

“இல்லை அக்கா. அவவும் மகனும் ஒரே நாளில.”

அந்த வரியைப் பிள்ளைகளுக்கு வாசிக்கவில்லை. ஆனால் அனுமதித்தேன். பிள்ளைகள் தாங்களே வாசித்துவிட்டார்கள் என்று அடுத்தநாள் அவர்கள் இருந்த மாதிரியில் தெரிந்தது. வாங்கில் விட்ட இடம் அகலமாகியிருந்தது.

தவணை முடிவதற்குச் சற்று முன் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். நல்ல மனிசன். வலைப்பூவை ஒவ்வொரு நாளும் வாசிக்கிறவர், ஆனால் அதைப் பற்றி என்னோடு கதைக்கமாட்டார். “விடுமுறைக்குள்ள கட்டடம் முழுக்கப் பெயின்ற் அடிக்க வாறாங்கள் ரீச்சர்,” என்றார். “அந்தத் துண்டை விடச் சொல்லலாம். ஆனா பிறகு வாறவை எல்லாம் இதென்ன எண்டு கேப்பினம். நான் என்னெண்டு சொல்லுறது?” அவருடைய கண் மேசையில் இருந்தது. “எனக்கும் அது அழியிறது விருப்பமில்லை.”

பிள்ளைகள் விசயத்தை எழுதி, என்ன செய்வம் என்று அந்த இரண்டு பேரிடமும் கேட்டார்கள். மல்லாவி அம்மா உடனே எழுதினா. “அடிக்கட்டும் பிள்ளையள். நீங்கள் வெளிச்சமான வகுப்பில இருந்து படிக்கவேணும். அதுக்கு முதல் ஒரு கடதாசிய வைச்சு, இருக்கிற அளவிலேயே எனக்குக் கீறித் தருவீங்களோ?” கொக்கிளாய் ஐயா எழுத இரண்டு மூன்று நாள் ஆனது. பிறகு, “அக்கா சொன்னமாதிரிச் செய்யுங்கோ. நான் வந்து பாக்கிறன்,” என்று வந்தது.

பட்டம் கட்டும் மெல்லிய கடதாசிகளை ஒட்டிப் பெரிதாக்கி, சுவரில் பிடித்துக்கொண்டு, தெரிந்த கோட்டின்மேல் கோடு இழுத்தோம். ஒன்று மல்லாவிக்கு, ஒன்று கொக்கிளாய்க்கு. சில கோடுகள் தடிப்பாகவும் சில மெல்லிசாகவும் இருந்தன. இரண்டு கையா ஒரு கையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. செண்பகத்துக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஐயா தவணையின் கடைசி நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். கறுத்து மெலிந்த மனிசன். பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்ல, பதிலுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நேராகச் சுவரடிக்குப் போனார். குந்தி இருந்தார். வள்ளத்தின் அணியத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு எழும்பி, அந்த உயரத்தைத் தன் உடம்பில் கையால் அளந்து பார்த்தார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

“ஓம். அவன்ர நெஞ்சு இந்த உயரம்தான்,” என்றார்.

செண்பகம் மட்டும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார்.

“நீர்தானோ செண்பகம்?”

“ஓம்.”

“மகன் கோவக்காரன் இல்லை, பிள்ளை. அவன் பேசியிருக்கமாட்டான். மாடும் வடிவு எண்டுதான் சொல்லியிருப்பான்.”

சுருட்டிய கடதாசியைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். தேத்தண்ணி குடிக்கச் சொல்லி அதிபர் கூப்பிட்டதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

விடுமுறையில் சுவர் இளம்மஞ்சள் ஆனது. நான் மற்றக் கடதாசியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மல்லாவிக்குப் போனேன். என்னைக் கூட்டிப்போகச் சந்தையடியில் ஒரு பெடியன் சைக்கிளோடு நின்றான், அந்த அம்மாவின் மூத்த மகன். வீட்டு விறாந்தையில் தையல் மெசின். அம்மா நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தா. என் வயதுதான் இருக்கும். நான் அவ்வளவு காலமும் அவவை ஒரு வயதான மனிசியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிலத்தில் கடதாசியை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு மூலையில் கத்தரிக்கோலும் மற்ற மூலைகளில் நூல்கட்டைப் பெட்டிகளும் வைத்தா. பக்கத்தில் சம்மணம் போட்டு இருந்தா. கனநேரம் பார்த்தா. அழவில்லை. ஒருதரம் மட்டும், கோட்டில் படாமல், விரலை அதற்கு மேலால் கொண்டுபோனா.

“இது வள்ளம் மாதிரியும்தான் இருக்கு, என்ன?” என்றா.

“ஓம் அம்மா.”

“ரெண்டு பேரும் விளையாடியிருப்பினம். எனக்கு அது ஞாபகத்தில இல்லை. நான் அப்ப அடுப்படியில நிண்டிருப்பன்.”

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போது அவ என்னைப் பார்த்துக் கேட்டா: “ரீச்சர், நீங்கள் அப்ப எங்க இருந்தனீங்கள்?”

என் வீட்டிலும்கூட அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதால் கேட்கமாட்டார்கள். நான் சொன்னேன். அப்போதுதான் எனக்கு வேலை கிடைத்திருந்தது என்றும், கட்டடம் இல்லாமல் ஒரு புளியமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி முதலாம் வகுப்பு எடுத்தேன் என்றும், ஒவ்வொரு காலையும் நேற்று வந்த பிள்ளைகள் குறைந்து புதுப் பிள்ளைகள் வந்தார்கள் என்றும், போனவர்கள் இடம் மாறிப் போனார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். பிறகு ஒருவரையும் நான் தேடவில்லை. தேடினால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

நான் நிறுத்தியதும் கேட்டா:

“அந்தப் பிள்ளையளின்ர பேருகள் ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப சொல்லுங்கோ. நான் இருக்கிறன்தானே.”

சொல்லத் தொடங்கினேன். மூத்த மகன் சைக்கிளை வெளியே எடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று மணி அடித்தான். அம்மா கையைக் காட்டி அவனைப் பேசாமல் நிற்கச் சொன்னா.